வீட்டுக்குள் வன்முறை: எஃப்.ஐ.ஆர். முதலிலா, பாதுகாப்பு உத்தரவு முதலிலா?

கணவர் வீட்டில் அடி வாங்கும் பெண்ணிடம் அக்கம்பக்கத்தார் சொல்வது, “மகளிர் ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளெயின்ட் கொடுத்துடு” என்பதுதான். வக்கீலிடம் போனால் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு போடலாம் என்பார். வீட்டுப் பெரியவர்கள் ஜீவனாம்சம் வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடு என்பார்கள். மூன்றும் நல்லெண்ணத்தில் வருபவை. ஆனால் மூன்றும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. அடித்தவருக்குத் தண்டனை வேண்டும் என்பது ஒரு தேவை. இன்றிரவு அதே வீட்டில் பயமில்லாமல் படுக்க வேண்டும் என்பது வேறொரு தேவை. பள்ளிக் கட்டணத்துக்குப் பணம், பீரோவில் பூட்டிக் கிடக்கும் நகை ஆகியவை இன்னும் வேறு. எது முதலில் வேண்டும் என்று பிரித்துப் பார்க்காமல் கையில் கிடைத்த வழியில் இறங்கிவிட்டு, ஆறு மாதம் கழித்து “கேஸ் போட்டும் ஒன்றும் நடக்கலையே” என்று சோர்ந்துபோகும் பெண்கள் ஏராளம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உயிருக்கோ உடலுக்கோ பெரிய ஆபத்து என்றால் எஃப்.ஐ.ஆர். (போலீஸ் பதியும் முதல் தகவல் அறிக்கை) முதலில்; அதில் ஒரு நாள்கூடத் தாமதம் கூடாது. மற்ற பெரும்பாலான நிலைமைகளில் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) மனுவும், அதோடு இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவும் முதலில். ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்றை இழப்போம் என்ற பயம் வேண்டாம். சட்டம் இரண்டையும் ஒருசேர நடத்த அனுமதிக்கிறது.

எஃப்.ஐ.ஆர். எதைத் தரும், எதைத் தராது

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 1983-ல் சேர்க்கப்பட்டு 498ஏ என்று எல்லோருக்கும் பழகிப்போன பிரிவு இப்போது 85. கணவரோ அவருடைய உறவினரோ மனைவியைக் கொடுமைப்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும். “கொடுமை” எது என்பதைப் பிரிவு 86 சொல்கிறது: தற்கொலைக்குத் தள்ளக்கூடிய, அல்லது உயிர், உறுப்பு, உடல்நலம், மனநலம் இவற்றுக்குக் கடும் கேடு விளைவிக்கக்கூடிய வேண்டுமென்றே செய்த நடத்தை ஒன்று, பணம், சொத்து கேட்டுத் துன்புறுத்துவது இன்னொன்று. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். வரதட்சணை கேட்கவில்லை என்பதால் இந்தப் பிரிவு பொருந்தாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. 2024 ஜூலைக்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய 498ஏ பிரிவே பொருந்தும். இரு காலமும் கலந்திருந்தால் புகாரில் தேதிவாரியாகப் பிரித்து எழுதுவது நல்லது.

காயத்தின் தன்மையைப் பொறுத்து மற்ற பிரிவுகள் சேரும். சாதாரணக் காயத்துக்கு 115(2): ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம். இது தனியாக நின்றால் நடுவரின் அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்கவே முடியாது. எலும்பு முறிவு, பல் உடைதல், 15 நாள் அன்றாட வேலை செய்ய முடியாத நிலை என்று வந்தால் அது கொடுங்காயம். 117(2)-ன் கீழ் 7 ஆண்டு வரை. கத்தி, அரிவாள், தீ போன்றவற்றால் என்றால் 118. கழுத்தை நெரித்திருந்தால் வெளியில் தழும்பு பெரிதாகத் தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிப் பதிய வைக்க வேண்டும். கொலை முயற்சிக்கான பிரிவு 109 பொருந்துமா என்பது அந்தப் பதிவை வைத்துத்தான் பார்க்கப்படும். அடுத்த முறை உயிர் போகக்கூடிய வீடு அது என்பதற்கும் இதைவிடத் தெளிவான அறிகுறி இல்லை.

எஃப்.ஐ.ஆரின் பலம், அரசே வழக்கை நடத்துகிறது என்பதுதான். காயம், சாட்சி, போன் பதிவு எல்லாவற்றையும் திரட்டுவது போலீஸின் கடமை. எந்த ஊரில் நடந்திருந்தாலும் நீங்கள் இருக்கும் ஊரின் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்; ஜீரோ எஃப்.ஐ.ஆர். இப்போது சட்டத்திலேயே, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவில் இருக்கிறது. அடி தாங்காமல் தாய்வீட்டுக்கு வந்தவர் அந்த ஊரிலேயே 498ஏ வழக்கைத் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றமும் 2019-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

பலவீனம் என்னவென்றால், எஃப்.ஐ.ஆர். வீட்டையும் பணத்தையும் தராது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அவர் உங்களை வீட்டைவிட்டு வெளியேற்றிக் கதவைப் பூட்டினால், 85-ஆம் பிரிவில் அதற்கு உடனடிப் பரிகாரம் இல்லை.

கைதும் தானாக நடப்பதல்ல. 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைதுக்கான அவசியத்தைப் போலீஸ் எழுத்தில் காட்ட வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது, அதுவும் ஒரு 498ஏ வழக்கில்தான். அதனால் பெரும்பாலும் விசாரணைக்கு வரச் சொல்லும் 35(3) நோட்டீஸ் அனுப்பி விசாரிப்பார்கள். அல்லது அதற்குள் கணவர் தரப்பினர் முன்ஜாமீன் வாங்கிவிடுவார்கள். “புகார் கொடுத்தால் இன்றிரவே உள்ளே வைத்துவிடுவார்கள்” என்று நம்பி அதே வீட்டுக்குத் திரும்பிப் போவது ஆபத்தான தவறு. புகார் கொடுத்த இரவு அந்தப் பெண் வேறு இடத்தில் தங்க வேண்டும்.

காவல் நிலையத்தில் எங்கே சிக்குகிறது

தமிழ்நாட்டில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கியது. அங்கே பேச எளிதாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் குடும்பப் புகார்கள் பெரும்பாலும் முதலில் சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்று, இரு தரப்பையும் அழைத்துப் பேசும் கட்டத்துக்குப் போகின்றன. சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்து சேர்ந்ததற்கான சான்று மட்டுமே. எஃப்.ஐ.ஆரில் குற்ற எண், ஆண்டு, சட்டப்பிரிவுகள் மூன்றும் இருக்கும். அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். கையில் இருப்பது எது என்று அன்றே பார்த்துவிடுங்கள். சி.எஸ்.ஆரை எஃப்.ஐ.ஆர். என்று எண்ணி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் பலர்.

மணவாழ்க்கைத் தகராறுகளில் எஃப்.ஐ.ஆருக்கு முன் ஆரம்ப விசாரணை நடத்தலாம் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், உடனே பதியவில்லை என்பதே சட்டமீறல் ஆகிவிடாது. நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3), 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் அந்த விசாரணையை முடிக்கச் சொல்கிறது. அந்த நாள் கடந்தும் அசைவில்லை என்றால் புகாரின் நகலைக் காவல் கண்காணிப்பாளருக்குப் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லாவிட்டால் பிரமாணப் பத்திரத்தோடு நடுவரிடம் 175(3)-ன் கீழ் மனு செய்யலாம். தபால் ரசீதைத் தொலைக்கக் கூடாது, அது இல்லாமல் அடுத்த படி ஏற முடியாது.

பேச்சுவார்த்தையின் முடிவில் “இனி அடிக்க மாட்டேன், ஒழுங்காகக் குடும்பம் நடத்துகிறேன்” என்று எழுதி வாங்குவார்கள். அந்தக் கடிதத்தை மீறுவது எந்தச் சட்டத்திலும் குற்றம் அல்ல. அவர் எழுதிக் கொடுப்பதை வாங்கிக்கொள்ளலாம், நடந்ததை ஒப்புக்கொண்டதற்கு அது பின்னால் உதவும். ஆனால் “மேல் நடவடிக்கை வேண்டாம்” என்று நீங்கள் கையெழுத்துப் போட்டுத் தரும் கடிதம் அடுத்த புகாரின் வலிமையைக் குறைத்துவிடும். சமாதானமாகப் போக மனம் இருந்தால், “மீண்டும் நடந்தால் இந்தப் புகாரின்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும்” என்ற வரி அதில் இருக்கட்டும்.

புகாரை எழுதும் விதத்தில்தான் பல வழக்குகள் தோற்கின்றன. மாமனார், மாமியார், நாத்தனார், வெளியூரில் இருக்கும் கொழுந்தன் என்று எல்லோர் பெயரையும் போட்டு, “அனைவரும் சேர்ந்து கொடுமைப்படுத்தினார்கள்” என்று ஒரே வரியில் முடிப்பது வழக்கமாகிவிட்டது. யார், எந்தத் தேதியில், எங்கே, என்ன செய்தார் என்று இல்லாத பொத்தாம்பொதுவான குற்றச்சாட்டை நீதிமன்றங்கள் ரத்து செய்கின்றன. 2022-லும் 2024-லும் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. உறவினர்கள்மீதான பகுதி ரத்தாகும்போது கணவருக்கு எதிரான உண்மையான புகாரும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது. மூன்று சம்பவங்களைத் தேதியோடு எழுதுவது முப்பது வசைச்சொற்களைவிடப் பலமானது.

காலக்கெடுவும் உண்டு. பிரிவு 85 போல 3 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு, சம்பவம் நடந்த 3 ஆண்டுக்குள் புகார் பதிவாகிவிட வேண்டும். இன்னொன்று, பிரிவு 85 வழக்கை நீங்களாக வாபஸ் வாங்க முடியாது. சமரசம் ஆனாலும் உயர் நீதிமன்றம் போய்த்தான் ரத்து செய்ய வேண்டும். மிரட்டிப் பார்க்க மட்டும் எஃப்.ஐ.ஆர். போடும் எண்ணம் இருந்தால் இதை முன்பே அறிந்திருக்க வேண்டும். அரசு ஊழியர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் பணியிடை நீக்கம் ஆனதாகவே கருதப்படுவார். ஜீவனாம்சம் வர வேண்டிய சம்பளமும் அப்போது குறையும். இதற்காகப் புகாரைக் கைவிட வேண்டும் என்று சொல்லவில்லை. பின்விளைவு தெரிந்து எடுக்கும் முடிவுதான் பாதி வழியில் தளராமல் நிற்கும்.

குடும்ப வன்முறைச் சட்டம்: அடைக்கலம் தரும் வழி

2005-ல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டம் இரண்டு இடங்களில் தண்டனைச் சட்டத்தைவிட அகலமானது. முதலாவது, யாருக்கு என்பதில். பிரிவு 85 மனைவிக்கு மட்டும். இதிலோ மகள், தாய், சகோதரி, விதவை மருமகள், திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழ்ந்தவர் எல்லோரும் வரலாம். அண்ணன் அடித்தாலும், சொத்துக்காக மகன் துன்புறுத்தினாலும் இதுவே வழி. ஏற்கெனவே மணமானவர் என்று தெரிந்தே சேர்ந்து வாழ்ந்திருந்தால் மட்டும் நீதிமன்றங்கள் அதைத் திருமணம் போன்ற உறவாக எளிதில் ஏற்பதில்லை.

இரண்டாவது, எது வன்முறை என்பதில். உடல், பாலியல், சொல் மற்றும் மனம், பொருளாதாரம் என நான்கு வகையையும் பிரிவு 3 சொல்கிறது. சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, வீட்டுச் செலவுக்குத் தராமல் இருப்பது, நகையை அடகு வைப்பது எல்லாம் இதில் அடங்கும். பாலியல் வன்முறையைப் பற்றி வெளிப்படையாகவே பேச வேண்டியிருக்கிறது. 18 வயது நிறைந்த மனைவியிடம் கணவர் பலவந்தமாக உறவு கொள்வதைத் நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவு இன்றும் விதிவிலக்காக வைத்திருக்கிறது; பிரிந்து வாழும் மனைவி என்றால்தான் பிரிவு 67-ல் 2 முதல் 7 ஆண்டு. சேர்ந்து வாழும் பெண்ணுக்கு அந்தக் கொடுமையை அதன் பெயரிலேயே சொல்லிப் பரிகாரம் கேட்க இந்த 2005 சட்டமே இருக்கிறது. இது நியாயமான நிலை அல்ல. ஆனால் சட்டம் மாறும்வரை இந்த வழியை அவர் அறியாமல் இருக்கக் கூடாது.

மனுவைப் பிரிவு 12-ன் கீழ் நீதித்துறை நடுவரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலும் செய்யலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர் குடும்பச் சம்பவ அறிக்கையைத் தயாரித்து நடுவருக்கு அனுப்புவார். வக்கீல் வைக்காமலேயே அவர் மூலம் மனு போக முடியும். அந்த அறிக்கை இல்லை என்பதற்காக மனுவைத் தள்ளக் கூடாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. பிரிவு 12 மனுவுக்கு ஓராண்டுக் காலக்கெடு பொருந்தாது என்றும் அதே ஆண்டு தீர்ப்பு வந்தது. முதல் விசாரணை 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுபடுகிறது. பெரும்பாலும் நோட்டீஸ் சேராததுதான் காரணம். எதிர்த்தரப்பின் வீட்டு முகவரியோடு வேலை செய்யும் இடத்தின் முகவரியையும் மனுவில் கொடுத்துவிட்டால் பல வாய்தாக்கள் மிச்சம்.

அதைவிட முக்கியமானது பிரிவு 23. ஆபத்து இருக்கிறது என்று பிரமாணப் பத்திரத்தில் காட்டினால், எதிர்த்தரப்பைக் கேட்பதற்கு முன்பே நடுவர் இடைக்கால உத்தரவு போடலாம். இதைத் தனி மனுவாகக் கேட்காமல் பிரதான மனுவை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் இந்த வழியில் நடக்கும் பெரிய தவறு.

என்னென்ன கேட்கலாம்? பிரிவு 18-ல் பாதுகாப்பு உத்தரவு: அடிக்கக் கூடாது, போன் செய்யக் கூடாது, வேலை இடத்துக்கோ குழந்தையின் பள்ளிக்கோ வரக் கூடாது, கூட்டுக் கணக்கையும் லாக்கரையும் தொடக் கூடாது. பிரிவு 19-ல் குடியிருப்பு உத்தரவு: வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது, தேவைப்பட்டால் அவரே வெளியேற வேண்டும், அல்லது அதே தரத்தில் வேறு வீடோ வாடகையோ தர வேண்டும், சீதனத்தை (பெண்ணுக்கே உரிய நகை, பொருள்) திருப்பித் தர வேண்டும். வீடு மாமியார் பெயரில் இருந்தாலும் சேர்ந்து குடும்பம் நடத்திய வீடு என்றால் குடியிருக்கும் உரிமை உண்டு என்பது 2020 தீர்ப்பு. பெண்களை எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம்; ஆனால் வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லும் உத்தரவைப் பெண்ணுக்கு எதிராகப் பெற முடியாது. பிரிவு 20-ல் பணம், 21-ல் குழந்தைகளின் தற்காலிகப் பொறுப்பு, 22-ல் மன உளைச்சலுக்கு இழப்பீடு.

இந்த வழி உரிமையியல் தன்மை கொண்டது என்பதால் கைது இல்லை, அதனால் “இதில் பல் இல்லை” என்று ஒதுக்குகிறார்கள். பல் இருக்கும் இடம் பிரிவு 31. பாதுகாப்பு உத்தரவையோ இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவையோ மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விடத்தகாத குற்றம், பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம், பெண்ணின் சாட்சியத்தை மட்டும் வைத்தே குற்றம் நடந்ததாக நீதிமன்றம் முடிவுக்கு வரலாம். சாதாரணக் காயத்துக்குப் போலீஸ் நேரடியாக விசாரிக்க முடியாத, கன்னத்தில் விழும் அதே ஓர் அறை, உத்தரவு கையில் இருக்கும்போது கைதுக்குரிய குற்றமாகிறது. பிரிவு 31 பாதுகாப்பு உத்தரவைத்தான் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. எனவே வீடும் பணமும் மட்டும் கேட்டு, பிரிவு 18-ஐ விட்டுவிடாதீர்கள். உத்தரவு வந்ததும் இலவச நகல் வாங்கி, உங்கள் பகுதிக் காவல் நிலையத்திலும் ஒன்று சேர்ந்திருக்கிறதா என்று நேரில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

பணமும் நகையும்

அடி, உதை எதையும் நிரூபிக்க விருப்பமில்லை, பராமரிப்புப் பணம் மட்டும் போதும் என்றால் நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 144, அதாவது பழைய 125, எளியது. கணவர் பராமரிக்கத் தவறினார், தன்னால் தன்னைப் பராமரித்துக்கொள்ள முடியவில்லை என்று காட்டினால் போதும். பணம் கட்டாவிட்டால் ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறை. ஆனால் நிலுவையான ஓராண்டுக்குள் வசூல் மனு போட வேண்டும். சம்பளம் வாங்கும் கணவர் என்றால் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 20(6) இன்னும் வசதி: நிறுவனமே சம்பளத்திலிருந்து நேரடியாகச் செலுத்த நடுவர் உத்தரவிடலாம். இரண்டிலும் கேட்கலாம், ஒன்றில் கிடைத்ததை மற்றதில் கழிப்பார்கள் என்பதால் எதையும் மறைக்கக் கூடாது. 2020 தீர்ப்புப்படி இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். அதில் உங்கள் பக்கம் ஒரு பொய் இருந்தால் மொத்த மனுவும் ஆட்டம் காணும்.

நகைக்குக் குற்றவியல் வழியும் உண்டு. சீதனம் பெண்ணின் சொத்து, அதைத் திருப்பித் தர மறுப்பது நம்பிக்கை மோசடி என்று 1985-லேயே தீர்ப்பு இருக்கிறது. இப்போது அது நியாய சன்ஹிதாவின் பிரிவு 316(2), 5 ஆண்டு வரை தண்டனை. நகை ரசீது, கல்யாணப் புகைப்படங்கள், சவரன் கணக்கோடு ஒரு பட்டியல் இல்லாமல் இதில் இறங்கினால் “எதுவும் தரவே இல்லை” என்ற ஒரு பதிலில் நின்றுவிடும். வரதட்சணை கொடுத்ததும் குற்றம்தானே என்று பயந்து பெண் வீட்டார் வாய் திறக்காமல் இருப்பதுண்டு. பாதிக்கப்பட்டவர் கொடுக்கும் வாக்குமூலத்தை வைத்து அவர்மீதே வழக்குப் போடக் கூடாது என்று 1961 வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 7(3) பாதுகாக்கிறது.

உங்கள் நிலைமைக்கு எது

எலும்பு முறிவு, ஆயுதம், தீ, கழுத்து நெரிப்பு, கொலை மிரட்டல் என்றால்: 112-க்கு போன், மருத்துவமனை, எஃப்.ஐ.ஆர்., அந்த வரிசையில். பாதுகாப்பு உத்தரவுக்கான மனு அதே வாரத்தில் போகட்டும். அவ்வப்போது அடி, ஓயாத வசை, ஆனால் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டிய கட்டாயம் என்றால்: குடும்ப வன்முறைச் சட்டத்தின் 18, 19, 23 மூன்றையும் கேட்டு நடுவரிடம். திருமணமாகாதவர், தாய், சகோதரி என்றாலும் இதேதான். வெளிநாட்டில் இருக்கும் கணவர் தன் பெற்றோர் மூலம் துன்புறுத்துகிறார் என்றால் உத்தரவு மட்டும் அவரை எட்டாது, எஃப்.ஐ.ஆரும் தேவை. பிரிந்து வந்தாயிற்று, தொந்தரவு இல்லை, பணம் மட்டும்தான் பிரச்சினை என்றால் 144 போதும், குற்ற வழக்கின் பாரம் வேண்டாம்.

எந்த வழியானாலும் மருத்துவப் பதிவுதான் அடித்தளம். அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) எழுதும்போது “மாடிப்படியில் விழுந்தேன்” என்று சொல்லிவிட்டால் அந்த ஒரு வரி பின்னால் வழக்கையே குலைக்கும். யார், எதனால், எப்போது அடித்தார் என்று சொல்லி ஏ.ஆர். நகல் கேளுங்கள். போனில் வந்த மிரட்டல்களை அழிக்காமல் அந்தப் போனையே பத்திரப்படுத்துங்கள். அதிலிருந்து எடுத்த நகலைத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். ஆதார், கல்விச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவை வீட்டைவிட்டு வரும்போதே கையில் இருக்கட்டும். பிறகு போய் எடுப்பது கடினம்.

தங்க இடம் இல்லை என்றால் 181 எண்ணில் பேசுங்கள்; வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கான அரசின் சகி மையத்தில் சில நாள் தங்குமிடமும் மருத்துவ, சட்ட உதவியும் கிடைக்கும். வக்கீல் கட்டணத்துக்காக மனுவைத் தள்ளிப்போட வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்ணுக்கு இலவச வக்கீல் பெறும் உரிமையை 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் பிரிவு 12 தருகிறது. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுக்கலாம், 15100-லும் அழைக்கலாம். வக்கீல் யாரானாலும் மனு எண், குற்ற எண், அடுத்த வாய்தா தேதி மூன்றையும் நீங்களே குறித்து, நம்பகமான இன்னொருவர் போனிலும் சேர்த்து வையுங்கள்.